இரண்டு மனாராக்களும் ஒரு பளிங்குச் சிலையும்

ஐரோப்பிய நகரங்கள் தம்முள் இணைந்து கலைப்பணிகளை மேற்கொள்வது கடந்த நாற்பது ஆண்டுகளில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். 1985ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் தொடங்கிய பண்பாட்டுத் தலைநகர்த் திட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின் இத்தகைய கூட்டு முயற்சிகள் பலவற்றுக்கு 'விடுதலை என்பது யாது?' என்னும் வினாவே கருப்பொருளாயிற்று. ஒரு நகரத்தின் சிற்பி மற்றொரு நகரத்தின் சதுக்கத்தில் கல்லைச் செதுக்குகிறார். ஓர் ஊரின் பாடகர் வேறோர் ஊரின் இசைக்குழுவோடு சேர்ந்து பாடுகிறார். வினா நல்ல வினாதான். ஆயினும் அதற்கு முன்னரே எழுப்பப்பட வேண்டிய மற்றொரு வினா உண்டு. கூட்டுச் சேரும் இருவரும் விடுதலை உடையவர்கள்தாமா? ஒருவர் ஆள்பவராகவும் மற்றவர் ஆளப்படுபவராகவும் இருக்கும்போது அவர்கள் சேர்ந்து படைக்கும் கலை எதைப் பேசும்?

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கல்லிலும் பளிங்கிலும் நரம்பிலும் அதற்கான விடைகள் எழுதப்பட்டுவிட்டன.

கோபன்ஹேகன் முதல் தஞ்சை வரை

தஞ்சைக்கும் ஐரோப்பிய நகரங்களுக்கும் இடையிலான தொடர்பு பழமையானது. 1620இல் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே டேனியர் தரங்கம்பாடியில் காலூன்றினர். அத்துறைமுகத்தின் வழியாகவே ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்று, கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்ற சுவார்ட்ஸ் பாதிரியார் 1750இல் இந்நாட்டுக்கு வந்தார். பின்னர் அவர் இலண்டன் கிறித்தவச் சங்கத்தின் பணியாளராகித் தஞ்சையில் நிலைத்தார். 1787இல் மன்னர் துளஜா மறையும் தறுவாயில் தத்தெடுத்த சிறுவரே இரண்டாம் சரபோஜி. அவருடைய அரசுரிமைக்காகக் கும்பினியாரிடம் வழக்காடியவரும், அவரைக் கல்வியில் ஆளாக்கியவரும் சுவார்ட்ஸே. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டின் நடுவில் சரபோஜி அரியணை ஏறினார்.

அரியணை ஏறிய மறு ஆண்டே அரசு கைநழுவியது. 1799 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. சரபோஜியின் கலைப்பணிகள் அனைத்தும் 1832இல் அவர் மறையும் வரை இந்த நிலையிலிருந்தே எழுந்தன என்பதை மறந்துவிட்டு அவற்றை மதிப்பிடுதல் பிழையாகும்.

ஒளியிடங்கள் இரண்டு

நாகூர் தர்காவின் ஐந்து மனாராக்களுள் உயரமானது, ஏறத்தாழ 131 அடி உயர்ந்து நிற்கும் பெரிய மனாரா. அதைக் கட்டுவித்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் அடக்கத் தலத்தில் நேர்ந்துகொண்டதன் பயனாகத் தமக்கு மகன் பிறந்தான் என நம்பிய மன்னரின் நன்றிக் காணிக்கை அது என்பது வழிவழிச் செய்தி. பிரதாப சிங்கும் முழு விடுதலை பெற்றிருந்தவர் அல்லர். ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டியவர். 1749இல் தேவிக்கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்தவர். எனினும் நாகூருக்கு அவர் அளித்த கொடையை எந்த உடன்படிக்கையும் கோரவில்லை. எந்தப் படையும் அதற்கு நெருக்கடி தரவில்லை. தம் சமயத்தைச் சாராத ஒரு தலத்துக்குத் தாமாகவே ஓர் அரசர் கொடுத்தது அது. அதனை ஏற்ற தர்காவும் தன் நெறியில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நாகூரிலிருந்து கோடிக்கரையைச் சுற்றித் தெற்கே பாக் நீரிணைக் கரையோரமாகச் சென்றால், மல்லிப்பட்டினத்தை அடுத்து மற்றொரு கோபுரம் கண்ணில் படும். அறுகோண வடிவில் எட்டு அடுக்குகளாக எழும் அதற்கு மனோரா என்று பெயர். 'மனாரா' என்னும் சொல்லே மருவி 'மனோரா' ஆயிற்று என்பர். அரபியில் அச்சொல்லுக்கு ஒளி தரும் இடம் என்பது வேர்ப்பொருள். 1814-15 காலத்தில் இதைக் கட்டுவித்தவர் பிரதாப சிங்கின் பெயரர் முறையினரான சரபோஜி. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக எழுப்பப்பட்டது அது. தஞ்சை உழவனுக்கோ பாக் நீரிணை மீனவனுக்கோ அப்போரோடு யாதொரு தொடர்பும் இல்லை. தம் நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டவர்கள் வேறொரு கண்டத்தில் பெற்ற வெற்றிக்கு, ஆட்சியை இழந்தவர் தம் மண்ணில் நினைவுச் சின்னம் எழுப்பினார்.

பாட்டனும் பெயரனும் எழுப்பியவை இரண்டுமே கோபுரங்கள். இரண்டின் பெயரும் ஒரே அரபு வேரில் கிளைத்தது. இரண்டுமே வேற்றாருக்காகக் கட்டப்பட்டவை. முதலாவதில் கொடுத்தவரின் மனம் தெரிகிறது. இரண்டாவதில் கொடுத்தவரின் நிலை தெரிகிறது. கலையில் விடுதலை என்பதன் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான இணை நம் நாட்டில் அரிது.

இலண்டன் பளிங்கு

ஆயினும் சரபோஜியை அடிமை மனத்தவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. தஞ்சை சிவகங்கைக் கோட்டைக்குள் 1779இல் சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயத்துள், இலண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் வடித்த பளிங்குப் புடைப்புச் சிற்பம் உள்ளது. மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அது. அதைச் செய்வித்தவர் சரபோஜி. உடன் பொறிக்கப்பட்ட ஆங்கிலப் பாடலை இயற்றியவரும் அவரே. அதே சுவார்ட்ஸுக்குக் கும்பினியாரும் சென்னைப் புனித மேரி தேவாலயத்தில் ஜான் பேக்கன் என்னும் இளைய சிற்பியைக் கொண்டு ஒரு நினைவுச் சின்னம் அமைத்தனர். கும்பினியார் எழுப்பியது தம் பணிக்கு உதவிய ஒருவருக்குச் செய்த அரசுச் சிறப்பு. சரபோஜி எழுப்பியதில் தந்தையை இழந்த மகனின் துயரம் இருக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

மேலும் ஒன்று. அப்பாதிரியாரை அத்துணை நேசித்த சரபோஜி தம் முன்னோரின் சமயத்திலேயே இறுதிவரை நின்றார். ஆட்சியை இழந்த மனிதர் நம்பிக்கையை இழக்கவில்லை. எவரையும் வற்புறுத்தி ஒரு மார்க்கத்தில் சேர்க்கலாகாது என்னும் நெறியைப் போற்றும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். உள்ளத்தின் விடுதலை உடன்படிக்கைகளால் பறிக்கப்படுவதில்லை என்பதற்கு அச்சிற்பமும் ஒரு சான்று.

அதே ஃபிளாக்ஸ்மனின் உளிக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் மற்றொரு பளிங்கு, அரண்மனைத் தர்பார் மண்டபத்தில் நிற்கும் சரபோஜியின் முழு உருவச் சிலை. உருவச் சிலைகள் பற்றிய நம் மார்க்கத்தின் நிலைப்பாடு வேறு. எனினும் வரலாற்று ஆவணமாக அதை நாம் வாசிக்கலாம். கூரிய மராத்தியத் தொப்பி அணிந்த மன்னர் இரு கைகளையும் குவித்து நிற்கிறார். ஃபிளாக்ஸ்மன் இந்நாட்டுக்கு வந்தவர் அல்லர். அச்சிலையில் வேலைப்பாடு உண்டு, அமைதி உண்டு. ஆனால் அரசர்கள் வீற்றிருந்து பிறர் வணக்கத்தை ஏற்ற ஒரு மண்டபத்தில், அரசரே கைகூப்பி நிற்கும் கோலம் காண்பவரைத் திகைக்கச் செய்கிறது. பக்தியின் குவிப்பு அது எனலாம். விருந்தோம்பலின் குவிப்பு எனவும் கொள்ளலாம். காலம் அதற்கு மூன்றாவது பொருளையும் ஏற்றிவிட்டது. 1855இல் அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபோது எஞ்சிய பெயரளவு அரசும் கும்பினியாரால் எடுத்துக்கொள்ளப்பட்டது. அச்சிலை யாரை வணங்குகிறது என்ற வினா அன்றிலிருந்து அம்மண்டபத்தை விட்டு அகலவில்லை.

இப்பளிங்குகளுக்கு அருகில் 1803இல் பெரிய கோயில் சுவரில் சரபோஜி வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டை வைத்து நோக்க வேண்டும். போன்சலே குலத்தின் வரலாற்றை நெடிதாகச் சொல்லும் கல்வெட்டு அது. ஆட்சி போன நான்காம் ஆண்டிலேயே, தம் குலம் யார் என்பதைத் தம் மொழியில், தம் மண்ணின் கல்லில் அவர் எழுதுவித்தார். இலண்டன் பளிங்கில் அவர் பிறர் கண்ணால் பார்க்கப்படுகிறார். தஞ்சைக் கல்லில் அவர் தாமே பேசுகிறார்.

திமிஷ்கின் படிப்பினை

பிற நாட்டுக் கலைஞரை வரவழைத்தலே குறை என்று கூறுவோர்க்கு இஸ்லாமிய வரலாறு தக்க விடை தருகிறது. கி.பி. 715ஐ ஒட்டி நிறைவெய்திய திமிஷ்கு உமையாப் பள்ளிவாசலின் சுவர்களைப் பொன்னும் பச்சையுமான வண்ணக் கற்பதிவுகள் அணிசெய்கின்றன. கலீஃபா வலீத் அவற்றுக்காக ரோமப் பேரரசிலிருந்து கைவினைஞரைத் தருவித்தார் என்று பழைய அரபு ஆசிரியர்கள் எழுதினர். இச்செய்தியை ஐயுறும் அறிஞரும் உளர். எனினும் கற்பதிவின் தொழில்நுட்பம் ரோமருடையது என்பதில் ஐயமில்லை. அத்தொழில்நுட்பம் தேவாலயங்களில் எதைச் செய்ததோ அதைப் பள்ளிவாசலில் செய்யவில்லை. மனித உருவமோ விலங்கின் உருவமோ அங்கு இல்லை. மரங்களும் ஆறுகளும் மாளிகைகளும் மட்டுமே விரிகின்றன. கை யாருடையதாயினும் இலக்கணத்தை வகுத்தவர் அழைத்தவரே. இரவல் பெறுவதில் இழிவில்லை, எதை விலக்குவது என்று சொல்லும் உரிமை பெறுபவரிடம் இருக்கும் வரையில்.

தரையில் அமர்ந்த வயலின்

இந்த அளவுகோலைக் கொண்டு தஞ்சைக்குத் திரும்பினால், அங்கே உண்மையான விடுதலையோடு நிகழ்ந்த ஐரோப்பியக் கூட்டுறவு அரண்மனைச் சிலையில் அன்று, இசையில்தான் நிகழ்ந்தது என்பது புலனாகும். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு (பிறப்பு 1810) அக்கருவியில் பெற்ற தேர்ச்சிக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வடிவேலு வயலின் கற்றார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மாணவர் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர் இறந்துவிட்டார் என்பதை அக்கதை கருதவில்லை. நம்மவர் பெற்ற எதற்கும் ஓர் ஐரோப்பிய ஆசானைத் தேடும் மனப்பழக்கத்தின் விளைவு அது.

அக்கருவிக்கு இங்கு நேர்ந்ததை நோக்குக. ஐரோப்பாவில் நின்றுகொண்டு தாடைக்கடியில் வைத்து வாசிக்கப்படும் வயலின், இங்கே தரையில் அமர்ந்தது. அதன் தலைப்பகுதி வாசிப்பவரின் கணுக்காலில் சாய்ந்தது. நான்கு நரம்புகளும் நம் ஆதார ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் ஏற்பச் சுருதி மாற்றிக் கட்டப்பட்டன. கமகங்களை ஏற்கும்படி விரல் நழுவும் முறை வகுக்கப்பட்டது. கருவியின் மரத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது அது பேசிய மொழி. முத்துசுவாமி தீட்சிதர் இன்னும் துணிந்தார். ஐரோப்பிய இசைக்குழுக்களிடம் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அரசரைப் போற்ற அமைந்த மெட்டு அவர் கையில் தம் வழிபடு தெய்வத்தைப் போற்றும் பாடலாயிற்று. அவருடைய நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. ஆயினும் அரசனுக்குரியதாகக் கருதப்பட்ட புகழை எடுத்து அவனினும் மேலானதாகத் தாம் நம்பியதற்கு அளித்த செயலில், ஒரு கலைஞரின் விடுதலை முழுமையாக வெளிப்படுகிறது. கும்பினி அதிகாரியின் ஒப்புதலை அவர் நாடவில்லை.

வயலின் வென்றதற்கும் சிலை தோற்றதற்கும் உரிய காரணம் இங்கேதான் உள்ளது. பளிங்கு இலண்டனில் தொடங்கி இலண்டனிலேயே முடிந்து, கப்பலில் வந்து இறங்கியது. அதை எவரும் திருத்த இயலவில்லை. வயலினோ வந்து இறங்கிய பின்னரே தொடங்கியது.

நெல்வயல்களின் கணக்கு

இத்துணை பேசியபின் ஒரு கணக்கை மறைத்தல் கூடாது. அந்தப் பளிங்குக்கும் கோபுரத்துக்கும் ஏடுகள் நிறைந்த சரசுவதி மகாலுக்கும் செலவான பணம் காவிரி வயல்களிலிருந்து வந்தது. மன்னரின் ஐந்தில் ஒரு பங்கும் கும்பினியாரின் மீதப் பங்கும் அதே நெல்லிலிருந்து பிறந்தவை. அந்நெல்லை விளைவித்த பண்ணையாட்களுக்கு எந்தச் சிற்பத்திலும் இடமில்லை. இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843இல். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது விடுதலைக்குப் பின், 1952இல். அரண்மனைக்கும் கும்பினிக்கும் இடையில் விடுதலை எவ்வளவு இருந்தது என்று அளந்துகொண்டிருக்கும் திறனாய்வு, வரப்புக்குக் கீழே இருந்தவரின் விடுதலையை அளக்கத் தவறினால் அதுவும் மற்றொரு பளிங்குச் சிற்பமாகவே முடியும்.

நம் முன் உள்ள பொறுப்பு

இவை பழங்கதைகள் அல்ல. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாகூர் தர்காவின் பாடகர்கள் பிற நாட்டு இசையமைப்பாளர்களுடன் இணைந்த ஒலிப்பதிவுகள் வெளிவந்து, உலகெங்கும் கேட்கப்பட்டன. இத்தகைய அழைப்புகள் இனியும் வரும். அவற்றை ஐயத்தோடு புறந்தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. அந்தப் பெரிய மனாராவே வேற்றுச் சமயத்தவர் ஒருவர் தந்த கொடைதானே! ஆயினும் கைகோக்குமுன் சில வினாக்களை எழுப்பும் உரிமை நமக்குண்டு. பாடலின் பொருள் கேட்பவரைச் சென்றடையுமா, அல்லது ஓசை மட்டும் அலங்காரமாகுமா? திக்ரின் சொற்களை எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்று முடிவு செய்பவர் பாடுபவரா, ஒலிக்கூடத்தில் இருப்பவரா? இறுதி வடிவத்தை ஏற்கவோ மறுக்கவோ பாடியவருக்கு வாய்ப்பு உண்டா?

இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் அக்கூட்டுறவு தரையில் அமர்ந்த வயலினைப் போல நம்முடையதாகும். கிடைக்காவிடில், எவ்வளவு அழகாக இருப்பினும், தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் பளிங்கைப் போல நம் வீட்டில் நிற்கும் பிறர் பொருளாகவே அது இருக்கும். மல்லிப்பட்டினக் கரையில் நிற்பதும் மனாராதான், நாகூரில் நிற்பதும் மனாராதான். நம் பிள்ளைகளை இரண்டிடத்துக்கும் அழைத்துச் சென்று, எதில் ஒளி இருக்கிறது என்று கேட்போமாக.