தரவரிசையில் இல்லாத கேள்வி

"அண்ணா, பொருளாதாரமும் அரசு நிர்வாகமும் சேர்த்துப் படிக்கணும். எங்க சேரலாம்?" குன்னூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள். கூடவே என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலையும் அனுப்பியிருந்தாள். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். தப்பான இடத்துல சேர்ந்துட்டு மாத்திக்கிற வசதி அந்த வீட்டுக்குக் கிடையாது.

2016 முதல் வரும் அந்தப் பட்டியல் ஐந்து அளவுகோல்களில் மதிப்பெண் போடுகிறது. ஆனால் பொருளாதாரத்துக்கோ பொதுக் கொள்கைக்கோ அதில் தனிப் பிரிவு இல்லை. முழுப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்ணை வைத்து ஒரு துறையை எப்படி எடை போடுவது?

நான் சொன்ன சோதனை வேறு. டான்டீயை எடுத்துக்கோ என்றேன். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு போட்ட தோட்டம், 1976-ல் கழகமானது. அது லாபம் பார்க்க வேண்டிய கம்பெனியா, மறுவாழ்வுத் திட்டமா? நட்டம்னு நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்தா, லைன் வீட்டில் இருக்கிறவங்க எங்க போவாங்க?

இதுக்குப் பதில் தேட விலைக் கோட்பாடு, வனச் சட்டம், புள்ளியியல், கள ஆய்வு நாலும் வேணும். எந்தப் பாடத்திட்டத்தில் நாலும் இருக்குன்னு பார். போன வருஷ மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளையும் கட்டண விவரத்தையும் கேள்.

இரண்டு வாரம் கழித்து மூன்று பாடத்திட்டங்கள் அனுப்பினாள். பட்டியலில் மேலே இருந்த இடத்தில் கள ஆய்வே இல்லை.