செய்மதி காணும் வளியும் மக்கள் சுவாசிக்கும் வளியும்

2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத நுண்துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. அவற்றின் நீண்டகாலச் செறிவை விண்ணிலிருந்து கணிக்கும் முயற்சியில், கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வான் டொங்கெலார் குழுவினர் 2010இல் வெளியிட்ட, 2001–2006 காலச் சராசரி உலகப்படம் ஒரு திருப்பம் எனலாம். 1999 டிசெம்பரில் ஏவப்பட்ட டெரா செய்மதியின் தரவுகளே அதற்கு ஆதாரம். 2013இல் சீன அரசு வகுத்த வளித்தூய்மைத் திட்டத்தின் பின்னர் அங்கு மாசு குறைந்தமையை அரசின் கூற்றுக்குப் புறத்தே நின்று சரிபார்க்கவும் இம்முறை உதவிற்று. இப்பயனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் செய்மதி துணிக்கைகளை நிறுப்பதில்லை. நிலத்திலிருந்து வளிமண்டல உச்சிவரையுள்ள நிரல் முழுவதிலும் அவை சூரியவொளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதையே அது தருகின்றது. அதில் எப்பங்கு மனிதர் சுவாசிக்கும் மட்டத்திலுள்ளது என்பதைக் கணினி மாதிரியுருவே தீர்மானிக்கின்றது. பின்வந்த பதிப்புகளில் நிலத்து நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு இவ்விடை திருத்தப்பட்டது. நிலையங்கள் செறிந்த ஐரோப்பாவில் அத்திருத்தம் உறுதியானது. அவை அரிதான ஆபிரிக்காவின் பெரும்பகுதியில் அது ஊகத்தைச் சார்ந்தது. படத்திலோ இரண்டும் ஒரே உறுதியுடன் நிறந்தீட்டப்படுகின்றன. (ஆய்வாளர் தம் கட்டுரைகளில் வழுவின் வீச்சைக் குறிப்பிடாமலில்லை. அமைச்சுக்கும் பத்திரிகைக்கும் செல்லும் வண்ணப்படத்திலேயே அது கழன்றுவிடுகின்றது.)

கங்கைச் சமவெளியை நோக்குவோம். அங்கு மாசு உச்சம்பெறுவது குளிர்காலத்தில். அதிலும் இரவில், வெப்பநிலை நேர்மாறலினாற் புகை மேலெழாது நிலத்தோடு தங்கும் வேளையில். டெரா நெடுங்காலம் கடந்து சென்றதோ முற்பகல் பத்தரை மணியளவில். அதன் துணையான அக்குவா பிற்பகல் ஒன்றரை மணியளவில். சூரியவொளியற்ற இரவில் இவ்வளவீடு இல்லை. முகிலும் மூடுபனியும் கவிந்த நாள்களும் விடுபடுகின்றன. ஆகவே விறகும் வரட்டியும் எரியும் மாலை அடுப்பின் முன் அமர்ந்த பெண்ணும், தெருவோரத்திற் குப்பையை எரித்துக் குளிர்காயும் காவற்காரனும் உட்கொள்ளும் வளியைச் செய்மதி நேரிற் காண்பதில்லை. அவர்கள்பொருட்டு மாதிரியுரு ஊகிக்கின்றது.

2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரி வழிகாட்டு வரம்பைக் கனமீற்றருக்கு 10 மைக்கிரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. வரம்பு இறுகும்தோறும் நட்டஈடும் சட்டநடவடிக்கையும் கோருவோருக்கு நிலத்தில் எடுத்த அளவீடே வேண்டும். செய்மதி இருக்க நிலையம் எதற்கு என்னும் வாதம் இவ்விடத்திலேயே வறியோருக்கு எதிராகத் திரும்புகின்றது. இந்தியாவின் தொடர் அளவீட்டு நிலையங்களுட் பெரும்பாலானவை நகரங்களிலேயே உள்ளன. அடுப்புப் புகை சூழ்ந்த கிராமங்கள் பலவற்றின் அருகில் ஒன்றேனும் இல்லை.