குறைபொறுக்கும் பளிங்கு: ஒரு கருத்தின் எல்லைகள்

சூரியக்கல ஆய்வில் அண்மைக்காலத்திற் பெருவழக்குப் பெற்ற கருத்தொன்று உண்டு. பெரோவ்ஸ்கைற் வகைக் குறைகடத்திகள் தம் பளிங்கமைப்பிலுள்ள குறைகளைப் பொறுக்கும் இயல்புடையன என்பதே அது. இக்கூற்று எவ்விடத்திற் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருத்து எழுந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. 2009ஆம் ஆண்டு யப்பானில் மியாசகா குழுவினர் மெதயிலமோனியம் ஈய அயடைட்டைக் கொண்டு ஆக்கிய கலத்தின் வினைத்திறன் 3.8 சதவீதமே. இன்று இவ்வகை ஆய்வுகூடக் கலங்கள் 26 சதவீதத்தைக் கடந்துள்ளன. சிலிக்கன் மிகுந்த தூய்மையை வேண்டுவது. பெரோவ்ஸ்கைற் படலமோ கரைசலைப் பூசி, ஏறத்தாழ 100 பாகை செல்சியசிற் சூடாக்கிப் பெறப்படுவது. அதிற் குறைகள் மலிந்திருத்தல் இயல்பு. அவ்வாறாயின் அது திறம்படத் தொழிற்படுவது எங்ஙனம்?

சக்தி இடைவெளியின் நடுவே அமையும் குறைமட்டம் இலத்திரனையும் துளையையும் அடுத்தடுத்துப் பற்றி மீளச் சேர்க்கும். ஒளி தந்த சக்தி வெப்பமாய் வீணாகும். 1952இல் ஷொக்லி, ரீட், ஹோல் ஆகியோர் விளக்கிய பொறிமுறை இதுவே. மெதயிலமோனியம் ஈய அயடைட்டில் எளிதில் உண்டாகும் குறைகளின் மட்டங்கள் இடைவெளியின் நடுவிலன்றிப் பட்டை விளிம்புகளை ஒட்டியே அமைகின்றன என 2014இல் வெளிவந்த கணிப்புகள் காட்டின. குறைபொறுமைக் கொள்கையின் அடிப்படை இதுவாகும்.

எனினும் அக்கணிப்புகள் பளிங்கின் உட்பகுதி பற்றியவை. உண்மைக் கலத்திலுள்ள படலமோ எண்ணற்ற சிறுமணிகளாலானது. 2015இல் தனிப்பளிங்குகளில் அளக்கப்பட்ட பொறிகளின் செறிவு, படலங்களில் அளக்கப்பட்டதிலும் பல்லாயிரம் மடங்கு குறைவாயிருந்தது. எனவே தீங்கு பெரும்பாலும் மேற்பரப்பிலும் மணியெல்லைகளிலும் உறைகின்றது எனலாம். 2018இற் பொற்றாசியம் சேர்த்து அவ்விடங்களைச் செயலறச் செய்தபோது படலங்களின் ஒளிகாலும் திறன் உயர்ந்தது. அத்திறன் பத்திலொன்றாய்க் குறையுந்தோறும் அறைவெப்பநிலையில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்று இழக்கப்படும். பளிங்கு குறைகளை முற்றாகப் பொறுக்குமாயின், அவற்றை அடக்குவதால் இத்துணை நன்மை விளைந்திராது.

இதனினும் முக்கியமான தடை பிறிதொன்று. குறை என்பது சக்திமட்டம் மட்டுமன்று. சாலகத்தில் ஓர் இடமுமாகும். அயடைட்டு நீங்கிய வெற்றிடம் இலத்திரனுக்குப் பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். ஆனால் அயலிலுள்ள அயன் அதனுட் புகுந்து நகர அதுவே வழியாகின்றது. 2014இற் பலரும் கண்ட முரண்பாடு, அதாவது வோல்ற்றளவை ஏற்றும்போது ஒரு வினைத்திறனும் இறக்கும்போது வேறொன்றும் பெறப்பட்டமை, இவ்வயன் நகர்வோடு தொடர்புடையது. ஒளிபடும்போது ஒட்சிசன் தீங்கிழைக்கும் மேலொட்சைட்டாக மாறுவதற்கும் இவ்வெற்றிடங்களே இடமளிக்கின்றன என 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆகவே, இலத்திரனியல் நோக்கிற் குற்றமற்றதெனப்பட்ட குறையே கலத்தின் ஆயுளைக் குறைப்பதாய் நிற்கின்றது.

இதனாற் குறைபொறுமைக் கருத்து பயனற்றதென்பது எமது கருத்தன்று. தொடக்கத்தில் ஏற்பட்ட விரைவான முன்னேற்றத்தை அது நன்கு விளக்குகின்றது. அடைமொழியின்றி வழங்குவதே பிழை. “இலத்திரனியற் குறைபொறுமை” என வரையறுத்து வழங்கின், அயன் நகர்வும் இரசாயனச் சிதைவும் அதனுள் அடங்கா என்பது தெளிவாகும்.

சொல்லின் தெளிவு ஈண்டு வெறும் இலக்கணப் பொருளன்று. சிலிக்கன் பலகங்கள் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படுகின்றன. அவற்றோடு போட்டியிட வருவதை ஒருநாள் வினைத்திறனால் மட்டும் மதித்தல் முறையன்று. உறுதிநிலை அளவீடுகளை ஒருமுகப்படுத்தும் இணக்க அறிக்கை 2020இல் வெளியாயிற்று. நிலைபெற்ற வெளியீட்டையும் ஆயுளையும் கூறாது உச்ச வினைத்திறனை மட்டுங் கூறும் கட்டுரை, குறைகளைப் பற்றிப் பாதி உண்மையையே கூறுவதாகும்.