முல்லைவாயிலைப் பாடினார்கள், பட்டரவாக்கத்தை யார் எழுதுவார்?

ஒரு நகரம் தன் இலக்கியத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்ற பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் டப்ளினைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1922இல் வெளிவந்த ‘யுலிசிஸ்’, 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளின் டப்ளினை எழுநூறு பக்கத்துக்கு மேல் சொல்கிறது. அதை அவர் எழுதியது ட்ரியெஸ்டிலும் சூரிச்சிலும் பாரிசிலும் இருந்துகொண்டு. கதையில் ஒரு பாத்திரம் சாவியை மறந்துவிட்டு, எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் முன்கம்பியைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். சாதாரண ஆள் ஒருவர் அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, அடிபடாமல் குதிக்க முடியுமா என்று 1921இல் டப்ளினில் இருந்த தன் அத்தைக்குக் கடிதம் போட்டுக் கேட்டார் ஜாய்ஸ். நகரத்தை எழுதுவதற்கு நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இந்தக் கடிதம்தான். ஒரு வீட்டின் கம்பி எத்தனை உயரம் என்ற கவலை இல்லாதவர் நகரத்தை எழுத முடியாது.

அந்த 1904 ஜூனில் ஜாய்ஸ் சில நாள் தங்கியிருந்தது ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரின் வீட்டில். அதே கசின்ஸ் 1915இல் மனைவி மார்கரெட்டுடன் நம் அடையாறுக்கு வந்து, அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்த்தார். டப்ளின் நமக்கு அவ்வளவு தூரமில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையின் மேற்கு, அதாவது பாடி, முல்லைவாயில், வேற்காடு, பூந்தமல்லி, நின்றவூர் என்று நீளும் நிலம், கோட்டை கட்டப்படுவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே பாட்டில் ஏறிவிட்டது. பாடியாகிய திருவலிதாயத்தையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடினார். திருமழிசை ஓர் ஆழ்வாரைத் தந்தது. பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். ஆனால் சுந்தரர் வந்த வழியைத்தான் நான் நின்று பார்க்கச் சொல்வேன். தன் மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறி எல்லை தாண்டினார், இரண்டு கண்ணும் போயின. அந்தக் குருட்டு நிலையில் முல்லைவாயிலுக்கு வந்து பதிகம் பாடினார். அதில் சங்கிலியார் பெயரும் வருகிறது, தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிய ஊர்க்கதையும் வருகிறது. தன் சொந்தத் துன்பத்தையும் ஊரின் வரலாற்றையும் ஒரே பாட்டில் பின்னியவர் அவர். இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குள் போனால் அந்தத் தொண்டைமான் கதையின் அடையாளமாகக் கருவறை முன் இரண்டு எருக்கந்தூண் நிற்கிறது. நந்தி இறைவனுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே பாட்டும் கல்லும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

முல்லைவாயிலிலிருந்து சுந்தரர் போனது திருவெண்பாக்கம். அங்கே கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல்தான் கிடைத்தது. அந்த வெண்பாக்கத்துப் பழைய கோயில் 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. பூண்டியில் புதிதாகக் கட்டினார்கள். சென்னை குடிக்கும் தண்ணீருக்கு அடியில் தேவாரத் தலம் ஒன்று கிடக்கிறது. இதைவிட ஒரு நகர நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வழிகளையெல்லாம் சேர்த்துக் கோத்துக் கொடுத்தவர் குன்றத்தூர்ச் சேக்கிழார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர். சூதாடி அடியார்க்கு அமுது படைத்த வேற்காட்டு மூர்க்க நாயனாரையும், மனத்திலேயே கோயில் கட்டிய நின்றவூர்ப் பூசலாரையும் அவர் ஊர்ப்பெயரோடுதான் அறிமுகப்படுத்துகிறார். 19ஆம் நூற்றாண்டில் வள்ளலார் முல்லைவாயிலைப் பாடியது அந்த மரபின் கடைசிப் பெரிய கண்ணி.

நவீன இலக்கியம் வந்ததும் பார்வை கிழக்கே திரும்பிவிட்டது. முதல் அணி, வந்தேறியவர்களின் அணி. திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் தன் கந்தசாமிப் பிள்ளையைப் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நிறுத்திக் கதையைத் தொடங்கினார். எழுத்தாளர்கள் இந்த நகரத்துக்கு வந்த அனுபவங்களைப் பழ. அதியமான் ‘சென்னைக்கு வந்தேன்’ என்று ஒரு தொகுப்பாகவே கொண்டுவந்திருக்கிறார். வியப்பும் கசப்பும் இந்த அணியின் பலம். நகரத்திலேயே பிறந்தவருக்கு எது தெரியும் என்பதை மட்டும் அதில் தேட வேண்டாம்.

அசோகமித்திரனும் 1952இல் செகந்தராபாத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் அவர் நகரத்தின் வெளியே நின்று பார்த்ததில்லை. ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனாவும் டீச்சரம்மாவும் குடமும் வாளியுமாகத் தெருத்தெருவாக அலைகிறார்கள். குழாய் வறண்டு கிடக்கிறது, மாநகராட்சி தோண்டிப்போட்ட பள்ளத்தில் ஆள் விழுகிறார், கடைசியில் வரும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. பம்பு அடிக்கும் கையின் களைப்பை மட்டும் சொல்கிறார்; அதில் அந்தப் பெண்களின் வாழ்க்கை முழுதும் தெரிந்துவிடுகிறது. சென்னையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் முதல் இடம் இந்தச் சிறு நாவலுக்குத்தான் என்பது என் தீர்ப்பு. அந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் வரவேண்டிய புழலும் செம்பரம்பாக்கமும் பூண்டியும் நம் பக்கத்து ஏரிகள்.

அடுத்தது பேச்சின் அணி. சேரித் தமிழை வேடிக்கைக்காகப் பயன்படுத்தாமல், அதில் துக்கமும் பெருமையும் பேச வைத்தவர் ஜெயகாந்தன். டப்ளினில் இந்தக் காரியத்தைச் செய்தவர் ஷான் ஓ’கேசி. கூலித் தொழிலாளியாக இருந்தவர், நெருக்கடியான குடியிருப்புகளின் பேச்சை அப்படியே அபே அரங்கின் மேடைக்குக் கொண்டுபோனார். 1926இல் அவருடைய நாடகம் ஒன்றுக்கு அரங்கத்துக்குள்ளேயே கலவரம் நடந்தது. நம்மிடம் ஜெயகாந்தனுக்குப் பிறகு மண்ணின் மக்களே எழுத வந்துவிட்டார்கள். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’, சிந்தாதிரிப்பேட்டையைச் சொல்லும் தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ ஆகியவற்றில் பேச்சுமொழிக்கு விளக்கம் கொடுக்கும் அவசரமே இல்லை. வாசகர்தான் அந்தத் தெருவுக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் சரி.

வரலாற்றை எழுதியவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 1870களின் தாதுவருஷப் பஞ்சத்தையும் ஐஸ்ஹவுஸ் தொழிலாளர் போராட்டத்தையும் ஏய்டன் என்ற பட்டாள கேப்டனின் கண்வழியே காட்டுகிறது. அவர் அயர்லாந்துக்காரர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்த நாட்டிலிருந்து வந்தவர் சென்னைத் தெருவில் பிணங்களைப் பார்க்கிறார். தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’ ஒரு தீப்பெட்டிப் படத்தின் பின்னணியைத் தேடிப் பூண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், திராவிட இயக்கத்தின் கதையைப் பத்தாண்டு பத்தாண்டாகச் சொல்கிறது. நவீன நாவல் மேற்கே வந்த அரிய தருணம் அது.

ஆனால் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி வழியாகத்தான் போனது. 1955இல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டதும் ஆவடியில்தான். 1965இல் இங்கே விஜயந்தா டாங்கி உருவானது. அம்பத்தூரில் சைக்கிளும் டயரும் செய்தார்கள், பாடியில் பிரேக்கும் சக்கரமும். பிறகு எல்லோரும் எஸ்டேட் என்று சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினார்கள். ஃபிட்டர், டர்னர், டெம்பரரி, காண்ட்ராக்ட், ஓ.டி., செகண்ட் ஷிப்ட் என்று ஒரு தனி வாழ்க்கையே இங்கே நடந்திருக்கிறது. லே-ஆஃப் நோட்டீஸ் ஒட்டிய கேட்டுகளும், ஏரி மண்ணில் எழும்பிய நகர்களும் இங்கே உண்டு. டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்த பாலகுமாரன் ‘இரும்பு குதிரைகள்’ நாவலில் லாரித் தொழிலை உள்ளிருந்து எழுதினார். அதற்கு மேல், எஸ்டேட்டையே நடுவில் வைத்த பெரும் நாவல் நமக்கு வாய்க்கவில்லை. தேவார காலத்தில் ஊருக்கொரு பதிகம் கிடைத்த நிலத்துக்கு இது போதாது.

புறநகர் இலக்கியத்துக்கு ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். டப்ளினின் வடக்குப் புறநகர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்த ராடி டாயில், அந்தப் பகுதியைப் பேரிடவுன் என்று பெயர் மாற்றி, 1987 முதல் மூன்று நாவல் எழுதினார். வேலை போனவரும், பாட்டுக்குழு தொடங்கும் பையன்களும், சிப்ஸ் வண்டி போடும் நண்பர்களும்தான் அவற்றின் மனிதர்கள்.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அந்தத் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். உங்களைத்தான் கேட்கிறேன். நாவல் வேண்டாம், முதலில் ஒரே ஒரு ஷிப்டை எழுதித் தாருங்கள். எந்த ரயிலில் வந்தீர்கள், எந்த கேட் வழியாகப் போனீர்கள், எந்த மெஷினில் நின்றீர்கள், டிபன் கேரியரில் என்ன இருந்தது, போனஸ் பேச்சுவார்த்தை முறிந்த அன்று யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடும் இடத்தோடும் எழுதுங்கள். அடுத்த மலரில் அவற்றைத்தான் நாம் முதலில் அச்சிட வேண்டும்.