குளோன் செய்த பின் பழைய டிஸ்க் யாருக்கு?

திருகோணமலை நகருக்குள் பழைய லப்டொப்பைக் கொண்டுபோய் "சரியான ஸ்லோ" என்று சொன்னால், மத்திய வீதியிலும் சரி, என்.சி. வீதியிலும் சரி, கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவார்கள். விண்டோஸையும் கோப்புகளையும் அப்படியே குளோன் பண்ணி ஏற்றிவிடுவார்கள். பின்னேரம் வந்தால் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தப் பழக்கம் பரவியதற்கு வலுவான காரணம் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350க்கு மேலே ஏறியபோது புதிய லப்டொப் வாங்கும் எண்ணத்தையே பலர் கைவிட்டார்கள். இருப்பதைத் திருத்திப் பாவிப்பதே வழி என்றானது.

வேகம் பற்றிய வாக்குறுதியில் பொய் இல்லை. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன் ஆகும். தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் வேறு. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலவும் ஒன்றுமில்லை, நகரவும் ஒன்றுமில்லை. பத்து வருட இயந்திரம் திடீரென்று இளமையாவது இதனால்தான். ஆனால் அந்த வேகத்தைத் தருவது எஸ்எஸ்டி; குளோன் அல்ல. புதிதாக விண்டோஸ் போட்டாலும் அதே வேகம் வரும், சில வேளை கூடவே வரும். அப்படியானால் குளோனின் தனிச்சிறப்பு என்ன?

நொத்தாரிசு அலுவலகத்திலோ, படிவம் நிரப்பித் தரும் கொமினிக்கேஷன் கடையிலோ உள்ள கணினியைப் பாருங்கள். காணி உறுதிகளும் சத்தியக் கடதாசிகளும் விண்ணப்பங்களுமாகப் பல வருடத் தட்டச்சு அதில் கிடக்கிறது. பெரும்பாலானவை யூனிகோட் அல்ல, பாமினி எழுத்துரு. புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் உறுதி முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். "ஃபைல் எல்லாம் பழுதாப் போச்சு" என்று பதறுவார்கள். பழுதானது ஒன்றுமில்லை, எழுத்துருதான் இல்லை. இதோடு பழைய பிரிண்டரின் ட்ரைவர், சிடி தொலைந்துபோன கணக்கு மென்பொருள், பத்து வருடமாகச் செம்மைப்படுத்திய உறுதி மாதிரிகள். இவற்றையெல்லாம் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவ யாராலும் முடியாது. எது எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. இத்தகைய கணினிக்குக் குளோன்தான் சரி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

விண்டோஸ் உரிமம் போய்விடும் என்ற பயத்தில் குளோன் கேட்பவர்கள் வேறு ரகம். விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. டிஸ்க்கை மாற்றிப் புதிதாகப் போட்டாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானாகவே செயற்படும்.

செய்முறையிலும் குளோனுக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. அது பழைய டிஸ்க்கை வாசிக்கிறது, அதில் எழுதுவதில்லை. 120 ஜிபி தரவை யூஎஸ்பி 2.0 வயர் வழியாக ஏற்ற ஒரு மணித்தியாலம் ஆகும். பழைய லப்டொப்பின் பட்டரி செத்துப்போயிருக்க, இடையில் கரண்ட் போனால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுவதையும் இருட்டாக்கிய கதை மறந்திருக்காது. அப்படி நடந்தாலும் புதிய டிஸ்க்கில் அரைகுறையாக ஏறியதுதான் வீணாகும். பழையது அப்படியே இருக்கும், திரும்பத் தொடங்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து 240 ஜிபிக்கு மாறும்போது, குளோன்சில்லா போன்ற கருவிகள் சிறிய இலக்கை இயல்பாக ஏற்காது என்பதால், பழைய டிஸ்க்கின் பகுதியை முதலில் சுருக்குவார்கள். முழு வேலையிலும் மூலப் பிரதியில் கைவைக்கும் படி அதுதான். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறெங்காவது எடுத்து வைக்காத கடையை நம்ப வேண்டாம்.

வேகம் குறைந்ததற்குக் காரணம் டிஸ்க் சாகக் கிடப்பது என்றால் கணக்கே மாறுகிறது. டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்க்கைக் குளோனுக்குப் பூட்டினால், மென்பொருள் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு போகும். ஒருவருக்கும் வேண்டாத விண்டோஸ் கோப்புகளை எடுப்பதிலேயே டிஸ்க்கின் கடைசி மூச்சு செலவாகலாம். முதலில் செக்டிஸ்க் ஓட்டுவது இன்னும் மோசம். அது பழுதான இடத்திலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லையென்றால் குளோனை மறந்துவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் முதலில் மீட்க வேண்டும். டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். இந்த அறிக்கையைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்க்காமலே பூட்டுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை.

அடுத்த குறை வேலை முடிந்த பிறகு வருகிறது. டிவிடி ட்ரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்ற சட்டகம் ஒன்றில் பழைய டிஸ்க்கைப் பொருத்தி, ஃபோர்மட் அடித்து "டி ட்ரைவ்" ஆக்கித் தருவார்கள். வாடிக்கையாளருக்கு 500 ஜிபி இலாபம் என்ற மகிழ்ச்சி. உண்மையில் குளோனின் ஆகப் பெரிய பயன், தொடாமல் கிடக்கும் அந்தப் பழைய பிரதி, அங்கேயே அழிகிறது. குளோனில் ஏதோ ஒரு கோப்புறை விடுபட்டது மூன்று கிழமை கழித்துத் தெரிய வந்தால் திரும்பிப் போக இடமில்லை. பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோரும் உண்டு. அவசர ஃபோர்மட் எதையும் அழிப்பதில்லை. குடும்பப் படங்களும் கடவுச்சீட்டு ஸ்கேன்களும் மேசை லாச்சியில் கிடக்கும்.

ஒரே இயந்திரத்தில் இரண்டு டிஸ்க் இருப்பதைக் காப்புப் பிரதி என்று எண்ணுவதும் தவறு. ரான்சம்வெயார் இரண்டையும் ஒன்றாகவே பூட்டும். 2023 ஓகஸ்டில் லங்கா அரச முகில் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குரிய, தனியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததும் காலங்கடந்த மென்பொருள். கொழும்பிலேயே இந்த நிலைமை என்றால் உட்துறைமுக வீதிக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த அலட்சியத்தின் விலை இன்னும் கூடுகிறது. ஹார்ட் டிஸ்க் பல வேளைகளில் முனகிக்கொண்டு சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் போய்விடும். தவறுதலாக அழித்ததைத் திரும்ப எடுக்கும் வாய்ப்பும் அதில் மிகக் குறைவு.

கடைசியாக, குளோன் நோயையும் சேர்த்தே கொண்டுவரும். திருட்டு விண்டோஸும், அதை இயக்கிய கிரக் கோப்பும், அதோடு ஒட்டிவந்த வைரஸும் புதிய டிஸ்க்கில் முன்பைவிட வேகமாக ஓடும். விண்டோஸ் 10இன் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. வீட்டுப் பாவனைக்கான அத்தகைய லப்டொப்பில் பழையதை அப்படியே குளோன் செய்வது வீண்வேலை. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு லினக்ஸ் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களாவது தொடர்ந்து வரும்.

கடையில் கொடுக்குமுன் மூன்று விடயம் சொல்லுங்கள்: முதலில் ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டுங்கள்; டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியை நான் எடுத்த பிறகு கழற்றுங்கள்; பழைய டிஸ்க்கை ஃபோர்மட் அடிக்காமல் என் கையில் தாருங்கள். மூன்றாவதற்கு மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.