மரம் முந்தியதா, வடிவம் முந்தியதா?

தாவரவியல் பூங்காவிற்குள் சிற்பங்களைக் கொண்டுவந்து நிறுத்துவோர் ஒரு வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். மரம் காண வந்தவனின் கண்ணை மரத்தினின்றும் திருப்புவதற்கு அச்சிற்பத்துக்கு என்ன உரிமை? இலண்டனைச் சார்ந்த கியூ பூங்காவில் நடந்த இரு கண்காட்சிகளை ஒப்பு நோக்கின் இவ்வினாவின் கனம் புலப்படும்.

1759இல் தோன்றிய கியூ, 2003இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அங்கே மரங்கள் தம் பெயர் எழுதிய தகட்டைத் தாங்கி நிற்கின்றன. பெயரறிந்து காண்பதே அப்பூங்காவின் கல்வி. 2007-2008இல் ஹென்றி மூரின் 28 படைப்புகள் அங்கு வைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை வெண்கலம். எலும்பு, கூழாங்கல் முதலியவற்றினின்று வடிவம் கற்றவர் மூர். திறந்த வெளியே தம் சிற்பங்களுக்கு உகந்த இடமென விரும்பியவர். அவற்றின் கம்பீரத்தை மறுப்பாரில்லை. எனினும் மரங்கள் அங்கே திரைச்சீலையாயின. வேறொரு புல்வெளிக்கு மாற்றினும் அவ்வெண்கலம் இழப்பது சிறிதே.

2012-2013இல் வந்த டேவிட் நாஷின் கண்காட்சி வேறு வகையானது. வேல்ஸ் நாட்டில் வாழும் இவர், பூங்காவிலேயே பட்டுப்போனவையும் நோயுற்று வீழ்த்த வேண்டியவையுமான மரங்களைக் கைக்கொண்டார். கல்லுடைக்கும் இடம்போல 'மரக் குவாரி' ஒன்றை அங்கேயே அமைத்து, அடிமரம் முதல் கிளை வரை பயன்கொண்டார். வருவோர் அவ்வேலையைக் காணவும் முடிந்தது. ஈரம் உலராத மரத்தையும் அவர் செதுக்குவதுண்டு. உலருங்கால் அது வெடிக்கும், முறுகும். உளி ஓய்ந்தபின்னும் மரம் தன் வேலையைத் தொடர்கிறது. கோளம், கன சதுரம், தூண் ஆகியவையே அவர் விரும்பும் வடிவங்களாதலின், உருவச் சிலை என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழும் தயக்கத்துக்கும் இங்கு இடமில்லை.

ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாஷ் தம் படைப்புகள் சிலவற்றைத் தீயிலிட்டுக் கரியாக்குகிறார். மரச் சிற்பத்தைக் காண்போர் முதலில் மரத்தையும் பின்னரே வடிவத்தையும் காண்கின்றனர். கரித்துவிட்டால் வடிவம் முந்தும் என்பது அவர் தரும் விளக்கம். அரபுத் தருக்க நூல்கள் மூலப்பொருளை 'மாத்தா' என்றும் வடிவத்தை 'ஸூரத்' என்றும் பிரித்து உரைக்கும். நாஷ் தீயைக் கொண்டு ஸூரத்தை மாத்தாவுக்கு முன்னே நிறுத்துகிறார். கலைக்கூடத்தில் அது நியாயமே. மரம் இன்னதென அறிவதற்காகவே அமைந்த தோட்டத்திலோ, மரத்தின் நிறத்தையும் வரியையும் மறைப்பது அதன் பெயர்த்தகட்டைக் கழற்றுவதை ஒக்கும்.

இதற்குச் சான்று அவருடைய பணியிலேயே உண்டு. 1977இல் வேல்ஸில் 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டு, பல்லாண்டுகள் வளைத்து வளர்த்துக் குவிமாடம் போலாக்கினார். பின்னாளில் ஆஷ் மரங்களை அழிக்கும் பூஞ்சை நோய் அவற்றையும் பற்றியது. மரம் மடியின் வடிவமும் மடியும். மாத்தாவும் ஸூரத்தும் அங்கே ஒன்றையொன்று முந்தவில்லை. கியூவில் வெடிப்போடும் வரியோடும் நின்ற மரங்கள் அந்த நேர்மைக்கு உரியவை. கரியுண்டவை அழகியவையேனும் கலைக்கூடத்துக்கு உரியவை.