புத்தரைச் சுட்டது யார்?

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் கொப்பரைத் தீ எங்கள் கீழ்பென்னாத்தூர்த் தெருக்களுக்கும் தெரியும். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே எரிவது நெய்யும் திரியும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் மூண்ட தீயிலோ ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் உடன் கருகின. முதல் தீயின் நாளும் நாழிகையும் ஊரில் சிறுவர்க்கும் மனப்பாடம். இரண்டாவது தீயின் நாள் எது என்று கேட்டால், பட்டம் பெற்ற இளைஞர்களே விழிக்கிறார்கள்!

அந்த விழிப்பைக் கண்டுதான், எங்கள் படிப்பகத்துக் கூட்டமொன்றில் எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையைத் தோழர் ஒருவர் படித்தார். நன்றாகவே படித்தார். புத்தர் சுடப்பட்டார் என்றதும் மண்டபம் அதிரக் கையொலி எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தர் செத்ததற்கா தட்டினார்கள்? சிங்களவரின் கடவுள் ஒழிந்தார் என்றா மகிழ்ந்தார்கள்? அப்படியானால் கவிஞன் தோற்றானா, கேட்ட நாம் தோற்றோமா? இந்த ஐயமே என்னை எழுதத் தூண்டியது.

கவிதையின் கதை சிறியது. கனவில் புத்தர் சுடப்படுகிறார். சுட்டவர்கள் சிவில் உடை தரித்த அரசுக் காவலர். உடல் யாழ்ப்பாண நூலகத்துப் படிகளில் கிடக்கிறது. இருளோடு இருளாக அமைச்சர்கள் வருகிறார்கள். நம் பட்டியலில் இல்லாத இவரை ஏன் கொன்றீர்கள் என்று சினக்கிறார்கள். இவர் உயிரோடிருந்தால் வேறு எந்த உயிரையும் எங்களால் தொட முடியாதே என்ற பொருளில் காவலர் விடை தருகிறார்கள். அமைச்சர்களின் சினம் ஆறிவிடுகிறது. பிணத்தை மறைக்க ஆணை பிறக்கிறது. நூல்களை அடுக்கி, சிகாலோவாத சூத்திரத்தால் தீ மூட்டுகிறார்கள். புத்தரும் சாம்பல், தம்மபதமும் சாம்பல்.

உயர்வுநவிற்சி இல்லை, ஒப்பாரி இல்லை. நாற்பது வரிகூட நிறையாத அக்கவிதையில் “ஐயகோ” என்ற ஒரு சொல்லும் இல்லை. நம் மேடைகளில் முழங்கும் ஈழக் கவிதைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். குருதியை ஆறாக்கி, கண்ணீரைக் கடலாக்கி, எதுகைக்காக எதிரியை ஏசி முடிப்பவை அவை. கேட்டவுடன் நரம்பு முறுக்கேறும். வீடு போய்ச் சேர்வதற்குள் தளர்ந்துவிடும். நுஃமானோ ஒரு காவல் நிலையக் குறிப்பைப் போல எழுதுகிறார். அமைச்சருக்கும் காவலருக்குமிடையே நடக்கும் அந்த அலுவலகப் பேச்சில்தான் குலை நடுங்குகிறது. “சிவில் உடை” என்ற சொல்லையும் கவனியுங்கள். அரசு தன் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் வேலை எத்தகையது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அத்தீ எரிந்த வேளையில் சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரு அமைச்சர்கள் அந்நகரில்தான் இருந்தார்கள் என்பது வரலாறு.

சிகாலோவாத சூத்திரம் ஏன் வந்தது? இவ்விடத்தைத் தாண்டிச் சென்றவர்கள் கவிதையின் பாதியை இழந்தவர்கள். சிகாலன் என்னும் இளைஞன் விடியலில் குளித்து, ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டு நிற்கிறான். ஏன் கும்பிடுகிறாய் என்று புத்தர் கேட்கிறார். தந்தை சொன்னார், கும்பிடுகிறேன் என்கிறான். (நம் வீடுகளில் கேட்கும் விடைதான்!) திசையைக் கும்பிடுவதில் பயனில்லை, பெற்றோர் கிழக்கு, ஆசிரியர் தெற்கு, மனைவி மக்கள் மேற்கு, நண்பர் வடக்கு, உழைக்கும் பணியாளர் கீழ்த்திசை, துறவோர் மேல்திசை, இவர்களுக்குச் செய்யும் கடமையே வணக்கம் என்கிறார் புத்தர். சடங்கை உதறி மனிதனை நிறுத்தும் பாடம் இது. அந்தப் பாடத்தையே சுள்ளியாக்கி நூலகத்தை எரித்தார்கள் என்று சொல்ல ஒரு கவிஞனுக்கு எத்தனை படிப்பு வேண்டும்! ஆசிரியத் தொழிலில் இருப்பவன் ஆதலால், தெற்குத் திசை எரிந்ததை நான் கூடுதலாக உணர்கிறேன்.

புத்தர் நமக்கு அயலாரும் அல்லர். புத்தியைப் பயன்படுத்துபவனே புத்தன் என்று விளக்கம் தந்தவர் பெரியார். 1953 மே 27, புத்தர் பிறந்த நாள் என்றே தேர்ந்தெடுத்துப் பிள்ளையார் சிலைகளை உடைத்தது நம் இயக்கம். தமிழின் பெருங்காப்பியங்களுள் மணிமேகலை பௌத்தக் காப்பியம். மற்றொரு பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் சில பாடல்களே மிஞ்சின. அதை எந்த அமைச்சரும் எரிக்கவில்லை, ஏடு பெயர்த்து எழுத ஆளின்றிப் போயிற்று என்பதையும் நாணத்தோடு சொல்லித்தான் ஆகவேண்டும்.

இத்தனை சிறப்பிருந்தும் கவிஞரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கவிதையில் புத்தர் நேற்றிரவு சுடப்படுகிறார். நான் கேட்கிறேன், நேற்றுத்தானா? ஏறத்தாழ 1,500 ஆண்டுகட்கு முன் பிக்கு ஒருவர் எழுதிய மகாவம்சத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, பல்லாயிரவரைக் கொன்றேனே என்று வருந்துகிறான். ஆறுதல் கூற வந்த துறவிகள், நீ கொன்றது ஒன்றரை மனிதரை மட்டுமே, மற்றவர் நெறியறியாதவர், விலங்குக்கு ஒப்பானவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். புத்தர் சுடப்பட்டது அந்த ஏட்டில்! 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தபோதும், 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே பிக்குகளின் நெருக்குதலால் கிழிந்தபோதும், 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் தந்தபோதும் சுடப்பட்டது அதே உடல்தான். பண்டாரநாயக்காவையே 1959இல் ஒரு பிக்கு சுட்டுக் கொன்றாரே! நல்ல சமயத்தைக் கெட்ட அரசு கொன்றது என்று முடித்தால், சமயம் அரசேறும்போதே அது தற்கொலை செய்துகொள்கிறது என்ற உண்மை தப்பிவிடுகிறது. கவிதை இவ்வளவையும் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். சுமக்க வேண்டாம், ஆனால் ‘நேற்று’ என்ற சொல் நம்மை ஏமாற்ற இடந்தரக் கூடாது.

நூலை எரிப்பது பழைய முறை. இன்று சீன ஆட்சியில் உய்குர் மக்கள் காண்பது புதிய முறை. 1933இல் காஷ்கரிலும் 1944இல் குல்ஜாவிலும் கிழக்குத் துருக்கிஸ்தான் என்று தனிக்குடியரசு கண்டு இழந்த மக்கள் அவர்கள். 1955இல் ‘தன்னாட்சிப் பகுதி’ என்ற பெயர்ப்பலகை கிடைத்தது. பலகையில் ஆட்சி உண்டு, தன் இல்லை. அங்கே கல்வித்துறைத் தலைவராயிருந்த சத்தார் சாவுத், உய்குர் மொழிப் பள்ளிப் பாடநூல்களில் பிரிவினை நஞ்சைக் கலந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். இரண்டாண்டு நிறுத்திவைத்த மரண தண்டனை விதிக்கப்பட்டதாக 2021இல் அறிவித்தார்கள். அந்நூல்களோ அரசே ஒப்புதல் தந்து ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் நடத்தப்பட்டவை! நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தொகுத்த பேராசிரியர் ராஹிலே தாவுத் 2017இல் காணாமற் போனார். ஆயுள் தண்டனை என்ற செய்தி 2023இல் வெளிவந்தது. பயங்கரவாதத்தைத் தடுக்கிறோம் என்கிறது பீகிங். மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகலாம் என்றது 2022இல் ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை. ஈழத்துக்காகக் குரல் கொடுக்கும் நம் முற்போக்குத் தோழர்களில் சிலர், செங்கொடி பறக்கும் இடமென்பதால் இங்கே தொண்டை கட்டிக்கொள்கிறார்கள். தொண்டைக்கும் கொடிக்கும் என்ன உறவு என்று அவர்கள்தாம் சொல்லவேண்டும்.

பிறரை மட்டும் கேட்டால் போதுமா? யாழ் நூலகத்துக்காக எழுந்த கவிதைகளுள் மிகச் சிறந்ததை எழுதியவர் யார்? கிழக்கே கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்தவர். தமிழின் சாம்பலுக்காக அவர் எழுதிய ஒன்பதாண்டுகள் கழித்து, 1990 அக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது துப்பாக்கி. பிடித்திருந்தவை தமிழ்க் கைகள், விடுதலைப் புலிகளின் கைகள். வடபகுதி முழுதிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டோர் கட்டிய துணியோடு போனார்கள். அவர்கள் வீட்டில் பேசிய மொழியும் தமிழே. தன்னுரிமை கேட்டவன் தன் அண்டை வீட்டானுக்கு அதை மறுத்த அந்நாளில் எந்தப் படியில் எந்த உடல் கிடந்தது? அதுபற்றி நம் மேடைகளில் ஒரு கவிதையும் நான் கேட்டதில்லை. பகைவனுக்குத் துணைபோகும் பேச்சு இது என்று சிலர் சினக்கக்கூடும். எரிந்த நூலகம் எழுப்பப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. விரட்டப்பட்டவர் வீடுகளில் எத்தனை மீண்டும் திறந்தன என்று கேட்பது எப்படிப் பகைவன் பேச்சாகும்?

வரும் மே 31 மாலை படிப்பகத்தில் அதே கவிதையை அதே தோழர் படிக்க இசைந்திருக்கிறார். சிகாலன் கதையை முன்னுரையாக நான் சொல்வேன். படித்து முடித்ததும் கைதட்ட வேண்டாமென்று கேட்டிருக்கிறோம். அடுத்துப் பேசவிருப்பவருக்குக் கொடுத்துள்ள தலைப்பு, ‘1990 அக்டோபர்’.